வன்னிக்குள் கையடக்க ஜி.பி.எஸ்.: வரைபடத்தை நம்பிப் போனவர்களின் அனுபவம்

குளக்கட்டு:
கருவி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் கமக்காரர் அமைப்பு, கைவிடப்பட்ட சிறு குளங்களைப் பட்டியலிடும் வேலையை எடுத்திருந்தது. ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட காடு. எப்படிப்பட்ட காடென்று இங்கே பலருக்குத் தெரியும். முழு இலங்கை வரைபடமும் உள்ளே இருக்கிறது என்று கருவியை விற்ற கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். திறந்து பார்த்தால் ஏ9, ஏ34 வீதிகள், இரணைமடு போன்ற பெரிய குளங்கள், இடையிடையே சில கோடுகள்.

அந்தக் கோடுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனோம். திரையில் நான் பாதையின் நடுவில் நிற்கிறேன், அம்புக்குறி கோட்டின் மேலேயே இருக்கிறது. எதிரே தொடைப் பருமனில் வீரை மரங்கள், இடைவெளியெல்லாம் சூரை முள். கையை நீட்டினால் கிழிக்கும். யுத்தத்துக்கு முன்னர் மாட்டு வண்டி போன வழி அது. அந்த ஊர்ச் சனம் திரும்பி வரவேயில்லை. கூட வந்த ஐயா திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வரிசையாக நின்ற புளியமரங்களைக் காட்டி, "இது ஊர்மனை. குளம் இதற்கு மேற்கேதான் இருக்க வேண்டும்" என்றார். கொஞ்ச நேரத்தில் தூர்ந்த கட்டும் தண்ணீர் திறந்துவிடும் துருசு உடைந்து கிடந்ததும் கண்ணில் பட்டன. வரைபடத்தில் அந்தக் குளம் இல்லை. அழிந்துபோன பாதையைக் காட்டுகிறது, இருக்கிற குளத்தைக் காட்டவில்லை. இதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

வாடைக்கடல்:
முல்லைத்தீவில் எங்களுக்கு வரைபடம் பெரிய விடயமே இல்லை. கரையை விட்டால் திரை முழுவதும் நீலம்தான். கடலடியில் பார் (பாறைத் திட்டு) இருக்கும் இடம், வலை விட்ட இடம், கரைக்கு வரும் வழி என்று நாங்களே குறித்து வைத்த புள்ளிகள்தான் சோறு போடுகின்றன.

ஆனால் ஓர் இரவு மனதை விட்டுப் போவதில்லை. இயந்திரம் நின்றுபோன படகிலிருந்து போனில் ஒரு தம்பி எண்களை வாசித்தான். "ஒன்பது, முப்பத்தைந்து" என்பது மட்டும் கேட்டது. எங்கள் கருவி பாகையும் (டிகிரி) கலையுமாக (நிமிடம்) காட்டுவது. 9 பாகை 35 கலை என்று எடுத்து வடக்கே திருப்பினோம். அணியத்தில் இருந்த பெரியவர் மறித்தார்: "வடக்கிலிருந்து வாடை அடிக்கும்போது வள்ளம் தெற்கேதானே இழுபடும்? அங்கே எப்படிப் போகும்?" திரும்ப அழைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொன்னோம். ஒன்பது, புள்ளி, மூன்று, ஐந்து. தசமம்! இரண்டுக்கும் இடையே 25 கிலோமீற்றருக்கு மேல். அவனுடைய போன் பற்றரி அதற்குப் பிறகு அதிக நேரம் தாங்கவில்லை. இன்று எங்கள் துறையில் எல்லாக் கருவிகளிலும் ஒரே முறைதான்.

மாங்குளம்சந்தி:
குளக்கட்டு அண்ணா, கோபிக்க வேண்டாம், குறை கருவியில் இல்லை. அதற்குள் ஏற்றியிருந்த வரைபடத்தில்தான் குறை. முத்தையன்கட்டுக்குப் பின்னால் மாடு தேடிப் போய் இருட்டுப்பட்டபோது, போனில் பதிவாகியிருந்த என் சொந்தத் தடத்தைப் பிடித்தே வெளியே வந்தேன். சிக்னல் துளியும் இல்லை. செய்மதிக்கு அது தேவையில்லை.

கருவிதான் வேண்டும் என்பவர்கள் கேளுங்கள். கார்மின் ஈட்ரெக்ஸ் 10 போன்ற அடிப்படை வகையில் வேறு வரைபடம் ஏற்ற முடியாது; விலை குறைவென்று அதை எடுத்துவிட்டுப் பிறகு வரைபடம் தேடாதீர்கள். ஏற்றக்கூடிய வகையை எடுத்தால், பலர் சேர்ந்து இணையத்தில் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் குளம் இல்லையா? நீங்களே வரைந்து சேர்க்கலாம், அடுத்தவருக்கும் உதவும். அடர்காட்டுக்குள் போகிறவர்கள் தடித்த அன்ரனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகையைப் பாருங்கள், இலைக்கூரையின் கீழ் நன்றாகப் பிடிக்கும். பென் ரோர்ச் பற்றரியில் ஓடுவது நல்லது, எந்தக் கடையிலும் வாங்கலாம். பற்றரிகூட வன்னிக்குள் வர விடாத காலத்தைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். சமவுயரக் கோடுகளுக்காக அதிகம் செலவழிக்காதீர்கள், நம் நிலம் தட்டை. குளத்தின் எல்லைக் கோட்டையும் நம்ப வேண்டாம்: ஆவணியில் மாடு மேயும் இடத்தில் மார்கழியில் நெஞ்சளவு தண்ணீர். மற்றபடி போக வேண்டிய புள்ளியைப் போட்டுவிட்டு நேர்கோட்டில் நடந்தால் எங்கும் போய்ச் சேரலாம்.

பளையூராள்:
தம்பி, அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நான் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். எல்லைக் கம்பத்துக்கு அப்பால் ஓர் அண்ணா போனைப் பார்த்தபடி நேராக நடந்து வந்துகொண்டிருந்தார். சிவப்புப் பலகை அவருக்குப் பக்கவாட்டில் இருந்தது, தலையை நிமிர்த்தவே இல்லை. விசில் ஊதி, கத்தி, அசையாமல் நிறுத்தினோம். வந்த காலடியிலேயே பின்னால் வரச் செய்வதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. "இதில் பாதை இருக்கிறதே" என்று திரையைக் காட்டினார். திறந்த வெளியிலேயே கையடக்கக் கருவி சில மீற்றர் பிசகும். அதனால்தான் நாங்கள் எல்லையை, குறித்த ஒரு புள்ளியிலிருந்து திசையும் தூரமும் அளந்து போடுகிறோம். ஆள் நடமாட்டம் உள்ள வழியில் மட்டும் போங்கள்.

வெள்ளைநாவல்:
எல்லோரும் பாதையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் இது காணிப் பிரச்சினை. ஓர் அதிகாரி பழைய 1:50,000 வரைபடத் தாளை மோட்டார் சைக்கிள் இருக்கையில் விரித்து, கருவி காட்டிய எண்களைப் பென்சிலால் குறித்தார். ஓர் அக்காவின் கிணறு ஒதுக்குக் காட்டுக்குள் விழுந்தது. அவர் துலாக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். "இது அப்பா வெட்டிய கிணறு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

கருவி இருந்தது, செய்மதிக் கருவிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற அளவை முறையில். தாள், இலங்கையின் பழைய அளவை முறையான கண்டவல ஆதாரத்தில் வரைந்தது. அப்படியே தூக்கி வைத்தால் புள்ளி கிழக்கே 200 மீற்றருக்கு மேல் தள்ளி விழும். காடு கிழக்கேதான் இருக்கிறது. கருவியின் அமைப்புகளில் கண்டவல என்பதைத் தெரிவுசெய்து எண்களைத் திரும்ப வாசித்துக் காட்டினேன். கிணறு வெளியே வந்துவிட்டது. அதிகாரி தாளை மடித்தார், எதுவும் எழுதித் தரவில்லை. அந்தக் கோப்பு இன்னும் முடியவில்லை.

மீற்றர் அளவில் கட்டம் போட்ட தாளென்றால், எந்த ஆதாரம் என்று கட்டத்தின் எண்ணைப் பார்த்தே அறியலாம். கட்டம் பிதுருதலாகலை மலையிலிருந்து எண்ணப்படுவது; பழையதில் அந்த மலைக்குக் கொடுத்த எண் 200,000. புதிய 1999 ஆதாரத்தில் 500,000. நெடுங்கேணிப் பக்கம் வடக்கு எண் பழையதில் 4 இல் தொடங்கும், புதியதில் 7 இல்.

குளக்கட்டு:
அப்படியென்றால் எங்கள் குளப் பட்டியலில் எந்த முறையில் எழுதுவது?

வெள்ளைநாவல்:
டபிள்யூ.ஜி.எஸ்.84, தசமப் பாகை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அதை எழுதிவிடுங்கள். குளத்தின் பெயரை அந்த ஐயாவிடம் கேட்டுப் பக்கத்திலேயே போடுங்கள்.