கம்பெனி முதலாளி எப்படிப்பட்டவர் என்று பார்த்து மின்சாரக் கார் வாங்குவீர்களா?

கெடிலக்கரை:
வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். தினமும் போக வர ஐம்பது கிலோமீட்டர் ஆகிறது. பழைய டீசல் காரைத் தள்ளிவிட்டு இவி எடுப்பது என்று முடிவாகிவிட்டது. பட்ஜெட் 15 லட்சம், மனசு வைத்தால் இன்னும் ஒன்று கூட. ரேஞ்ச், சார்ஜர் எல்லாம் விசாரித்தாயிற்று, அதைக் கேட்க வரவில்லை.

சிக்கல் வீட்டுக்குள்தான். கல்லூரியில் படிக்கும் மகள் நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கிறாள். எம்ஜி என்றால் அதில் சீன அரசு கம்பெனிக்குப் பங்கு இருக்கிறது, இன்னொன்று என்றால் அந்தத் தலைவர் அன்று அப்படிப் பேசினார். ஜெர்மனியில் இருக்கும் மைத்துனர் வேறு, 2021-ல் வாங்கிய டெஸ்லாவின் பின்பக்கம் ‘மஸ்க்குக்குக் கிறுக்குப் பிடிக்கும் முன்பே வாங்கியது’ என்று ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ அனுப்பினார். (டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோதே விலை 60 லட்சத்தைத் தொட்டது, நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.)

மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டார்: ‘கடைக்காரர் யோக்கியரா என்று பார்த்தா வெண்டைக்காய் வாங்குகிறோம், நுனியை ஒடித்துப் பார்த்துத்தானே?’ எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது, ஆனால் மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் எல்லாம் இதைப் பார்ப்பீர்களா?

முள்ளோடை வாசி:
அக்கா சொன்னதுதான் சரி. ஃபோக்ஸ்வாகன் 1937-ல் ஹிட்லர் ஆட்சியில் ஆரம்பித்த கம்பெனி. ஹென்றி ஃபோர்டு 1920-களில் சொந்தப் பத்திரிகை நடத்தி யூதர்கள் மேல் வெறுப்பைக் கக்கியவர். அதற்காக யாராவது போலோவையோ ஃபிகோவையோ வேண்டாம் என்றார்களா? பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பார்ட்ஸ் வருகிறதா, முடிந்தது. முதலாளியோடு நமக்கு என்ன சம்பந்தமா பேசப் போகிறோம்.

பழைய மெக்கானிக்:
முள்ளோடை தம்பி, பாதி சரி. வெண்டைக்காய் உதாரணத்தில்தான் எனக்கு இடிக்கிறது. பெட்ரோல் வண்டி என்றால் பானெட்டைத் திறந்து, டிப் ஸ்டிக்கை உருவி, புகையை முகர்ந்து பார்த்து ஓரளவு சொல்லிவிடுவேன், முப்பது வருடம் அதுதான் என் பிழைப்பு. இவியில் எதை ஒடிப்பது? வண்டி விலையில் கணிசமான பங்கு பேட்டரிக்கே போகிறது, அது அடியில் சீல் வைத்த பெட்டி. மீதி சாஃப்ட்வேர், நீங்கள் தூங்கும்போது எங்கிருந்தோ மாற்றிவிட்டுப் போவார்கள். ஒடித்துப் பார்க்க முடியாத காய் என்றால் கடைக்காரர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும், வேறு வழி கிடையாது.

ஃபோக்ஸ்வாகன் என்று ஆரம்பித்தீர்கள், 1937 எதற்கு, 2015-க்கு வாருங்கள். சோதனை நடக்கிறது என்று வண்டியே கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் புகையை அடக்கிக்கொள்ளும் சாஃப்ட்வேரை உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் போட்டிருந்தார்கள். தலைமைச் செயல் அதிகாரி வின்டர்கார்ன் பதவி விலகினார். இத்தனை வண்டியில் ஒரு திருட்டு ஏறுகிறது என்றால் அது கீழே ஒரு பையன் தவறி வைத்த போல்ட்டா? மேலே இருப்பவர்கள் எதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்பதுதான் கடைசியில் நம் வண்டிக்குள் வந்து உட்கார்கிறது.

தலைவர் ட்வீட் போடுவதையும் சும்மா தள்ளாதீர்கள். 2024 அக்டோபரில் ஓலா ஸ்கூட்டர் சர்வீஸ் பற்றி காமெடியன் குணால் கம்ரா எழுதினார், ஓலா முதலாளி பவிஷ் அகர்வால் ‘வந்து உதவி செய், காசு தருகிறேன்’ என்கிற மாதிரி பதில் கொடுத்தார். அதே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. புகார் சொல்பவனிடம் முதலாளி எப்படிப் பேசுகிறாரோ, கவுன்ட்டரில் இருப்பவனும் அப்படித்தான் பேசுவான்.

என் கதை ஒன்று, கம்பெனி பெயர் வேண்டாம். ஃபெங்கல் புயல் அன்று மகனுடைய இவி வாசலிலேயே நின்றது, தண்ணீர் கதவு விளிம்புவரை. மறுநாள் ஸ்டார்ட் பண்ணாமல் ஃபிளாட்பெட்டில் ஏற்றிக் கொண்டுபோனோம். மூன்று வாரம். இன்ஷூரன்ஸைக் கேளுங்கள் என்று அவர்கள், சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள் என்று இவர்கள். கடைசியில் அங்கே அட்வைசராக இருந்த பெண், யாருக்கும் தெரியாமல் மானிட்டரை என் பக்கம் திருப்பி, ‘பாருங்க சார், மேல இருந்து அப்ரூவல் வரல, என்கிட்ட ஒண்ணும் இல்ல’ என்று காட்டியது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

முள்ளோடை வாசி:
அண்ணே, பேட்டரி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதும் சர்வீஸ்தானே, முதலாளியின் கொள்கை இல்லையே?

பழைய மெக்கானிக்:
இரண்டும் வேறா என்பதுதான் எனக்கே தெரியவில்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது, முடிவு அமெரிக்காவில், பூட்டு மறைமலைநகர் ஆலையில். சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்றார்கள். அந்த மாதிரி நேரத்தில் சொன்னதைக் காப்பாற்றுவார்களா என்று எந்த ப்ரோஷரிலும் போட மாட்டார்கள்.

சிப்காட் பக்கத்து வீடு:
பெண்ணைச் சமாதானப்படுத்தாதீர்கள் சார், அது கேட்பது நல்ல கேள்வி. நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்துக்காரி. ராத்திரி காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கும் ஊர். கம்பெனிக்காரர்கள் மேடையில் என்ன பேசினார்கள், குழாயில் எதை விட்டார்கள் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தோம். அதனால் ‘நல்ல மனுஷர், தான தர்மம் செய்கிறார்’ என்பதெல்லாம் எனக்கு ஏறாது. டாடாவையே எடுங்கள். 1912-லேயே ஜாம்ஷெட்பூர் ஆலையில் எட்டு மணி நேர வேலை கொண்டுவந்தார்கள், பெரிய விஷயம். அதே டாடாவின் ஸ்டீல் ஆலைக்காக 2006-ல் ஒடிசாவின் கலிங்கநகரில் நிலம் கொடுக்க மறுத்துப் போராடிய பழங்குடி மக்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எதைக் கணக்கில் எழுதுவது?

நான் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு பேட்டரியைப் பார்த்தேன். பல பேட்டரிகளில் போடும் கோபால்ட் என்கிற உலோகம் பெரும்பாலும் காங்கோவில் தோண்டுவது, சின்னச் சின்னச் சுரங்கங்களில் குழந்தைகளும் இறங்குகிறார்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் கோபால்ட் கிடையாது, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. உங்கள் பட்ஜெட்டில் நிறைய வண்டியில் அதுதான் வருகிறது. அவ்வளவு முடிந்தது என்று நினைத்தால் கரண்ட் எங்கிருந்து? நெய்வேலி நிலக்கரி. 2023 ஜூலையில் அந்தச் சுரங்க வேலைக்காக வளையமாதேவியில் கதிர் பிடிக்கிற பயிரில் பொக்லைன் இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மொட்டை மாடியில் சோலார் போடுங்கள், முழுசாகப் போகாது, கொஞ்சம் குறையும்.

கெடிலக்கரை:
எல்லாவற்றையும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். கலிங்கநகர் அவளுக்கே தெரிந்திருக்கவில்லை, கொஞ்ச நேரம் ஃபோனோடு உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து, ‘அப்ப யாரும் சரியில்லன்னா எதையாவது வாங்கிடலாம்னு அர்த்தமாப்பா?’ என்றாள். என்னிடம் பதில் இல்லை. மனைவி மட்டும் வெண்டைக்காயிலிருந்து இறங்கி வந்து, வாரண்டி காகிதத்தை வாங்கும் முன்பே கையில் கொடுக்கிறார்களா என்று பார் என்கிறார். சனிக்கிழமை மூன்று பேரும் புதுச்சேரியில் இரண்டு ஷோரூம் போகிறோம். மெக்கானிக் அண்ணே, 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று போடுகிறார்களே, வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அது செல்லுமா என்று அதில் எந்தப் பக்கத்தில் இருக்கும்?

பழைய மெக்கானிக்:
‘விலக்குகள்’ என்று கடைசிக்கு முந்தின பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி எடுத்துக்கொண்டு போங்கள்.