சாமைக்கு நம் பணம்: மெஷினுக்கு முன்னால் தார்ப்பாயும் சாக்கும்

அனைவருக்கும் வணக்கம்,

சங்கப் பணத்தில் ஊருக்கு அரவை மெஷின் வாங்கலாம் என்று துபாய் அண்ணன் போன வாரம் நம் வெளிநாட்டு ஊர்க்காரர் சங்கக் குழுவில் போட்ட மடலுக்கு இது பதில், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்கு மேலே நம் மலையில் மருந்தடிக்காமல் சாமை, கேழ்வரகு போடுகிறவர்களுக்குச் சங்கப் பணத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் இருப்பில் உள்ளதை மொத்தமாகப் போட்டு ஒரு பெரிய அரவை மெஷின் வாங்கி, ஷெட் கட்டி, வாசலில் சங்கத்தின் பேரைப் பெயின்ட்டில் எழுதுவதுதான் திட்டம் என்றால் என் ஓட்டு அதற்கு இல்லை, அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சாமை குறைந்துபோனதற்குக் காரணம் அதைச் சாப்பிட ஆளில்லாதது என்று நாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம். எனக்கென்னவோ விற்க வழியில்லாததுதான் காரணம் என்று படுகிறது. அடிவாரத்திலும் பக்கத்துக் கொல்லிமலையிலும் மரவள்ளி போட்டவன் வீட்டைப் பாருங்கள். கிழங்கைப் பிடுங்கினால் லாரி காட்டோரத்துக்கே வருகிறது, ஏற்றிக்கொண்டு போகிறது. சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள், 1981-லிருந்து சேகோசர்வ் கூட்டுறவு என்று கிழங்குக்குப் போட்ட பாதை ஒன்று இருக்கிறது. காபிக்கும் மிளகுக்கும் வியாபாரி வீடு தேடி வருகிறார். சாமை மூட்டையைத்தான் நாமே தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் லீ பஜார் மண்டி வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே கல், மண், தூசி என்று கழித்துக்கொண்டு அவர்கள் சொல்வதுதான் விலை. கேழ்வரகுக்காவது மத்திய அரசின் ஆதரவு விலை என்று ஒரு பேச்சு உண்டு, சாமைக்கு அதுவும் கிடையாது.

கல் கழிப்பது அநியாயம் என்றும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். நம் சித்தி வீட்டு எதிரில், வளைவு தாண்டி வெயில் விழுகிற இடத்தில், தார் ரோட்டிலேயே அறுத்த சாமைத் தாளைக் கதிரோடு பரப்பியிருந்தார்கள். மேலே வண்டி ஏறினால் போரடித்த மாதிரி ஆகிவிடும், ஆள்கூலி மிச்சம். பேருந்து போனதும் சித்தி ஓடிப்போய்த் தாளைப் புரட்டிவிட்டு ஓரத்துக்கு வந்துவிடுகிறார். அப்புறம் விளக்குமாற்றால் கூட்டி அள்ளும்போது சாமை அளவுக்கே இருக்கிற பொடிக்கல்லும் கூட வந்துவிடுகிறது. முறத்தில் புடைத்தால் தூசி போகும், பதர் போகும், அந்தக் கல் மட்டும் போகாது. ஒரு நல்ல கனமான தார்ப்பாய் இருந்திருந்தால் இதில் பாதிக் கல் சேர்ந்தே இருக்காது. ரோட்டில் சிந்திய டீசல் பட்ட தானியத்தை இயற்கை விளைபொருள் என்று விற்பதில் எனக்குக் கூச்சமும் உண்டு.

அதனால்தான் சொல்கிறேன், முதல் வருஷம் சின்னத் தொகையாகப் பிரித்துக் கொடுப்போம். ஊரில் ஒரு மகளிர் குழுவுக்கு 25,000, 30,000 ரூபாய்க்குள். தார்ப்பாய், காற்றுப் புகாத உள்பை வைத்த சாக்கு, ஈரப்பதம் பார்க்கிற கருவி ஒன்று, தராசு ஒன்று. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சாமையை உமியோடு நன்றாகக் காயவைத்து வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். உமி நீக்கி அரிசியாக்கிவிட்டால் தவிட்டில் இருக்கிற எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், பூச்சியும் சீக்கிரம் விழும். ஆகவே உமியோடு சேர்த்து வைத்து, கேட்பவர் வந்த பிறகு அரைக்க வேண்டும். நூறு கிலோ கொடுத்தால் அறுபது சொச்சம் கிலோ அரிசி தேறும், விலை போடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அப்படிச் சேர்த்து வைக்க வேண்டுமானால் அறுத்த கையோடு விவசாயிக்குப் பணம் போக வேண்டும். இதுதான் எனக்கு முக்கியம். பிள்ளைக்கு ஹாஸ்டல் ஃபீஸ், கடை பாக்கி எல்லாம் அறுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று மாதம் வைத்திருந்தால் நல்ல விலை வரும் என்று அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை, வைத்திருக்க வழியில்லை, அவ்வளவுதான். சங்கத் தொகையில் பாதியை மகளிர் குழுவிடம் சுழல்நிதியாகக் கொடுத்தால் அவர்களே பணம் கொடுத்து வாங்கி வைத்து, விற்றதும் நிதிக்குத் திரும்பப் போட்டுவிடலாம்.

மெஷின் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேழ்வரகை அப்படியே மாவாக அரைத்துவிடலாம், சாமைக்கு உமி நீக்கியே ஆக வேண்டும், உரலில் குத்திக்கொண்டிருக்க இனி யாருக்குத் தெம்பு இருக்கிறது? கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சின்ன அரவை மெஷின்களை ஊரிலேயே மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தார்கள், கூடவே விதை வங்கி, விற்பனை என்று எல்லாவற்றையும் சேர்த்தே செய்தார்கள். தானியம் சேர்ந்த பிறகு, அடுத்த வருஷம், நாமும் அந்த அளவில் யோசிக்கலாம். அதற்குக்கூட முழுப்பணமும் நாம் போட வேண்டியதில்லை. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் குறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீத மானியம் அறிவித்தார்கள், உச்சவரம்பு 10 லட்சம்; திட்டம் இப்போதும் நடக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். வங்கிக் கடனோடு சேர்ந்து வருவது அது, தொழில் செய்கிறவர் கையிலிருந்து குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். அந்தப் பத்தில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். அங்கே நாம் கை கொடுக்கலாம்.

இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் பற்றி சிங்கப்பூர் தம்பி கேட்டிருந்தான். ஏற்றுமதி கனவெல்லாம் இப்போதைக்கு வேண்டாமப்பா. குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் காட்டை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிற பி.ஜி.எஸ். முறை நமக்குப் போதும். சின்ன அளவில் விளைவித்தவரே சாப்பிடுகிறவருக்கு நேராக விற்றால் இயற்கை உணவுக்கான 2017 விதிமுறையில் சான்றிலிருந்து விலக்கும் இருக்கிறது. சேலத்தில் இருக்கிற நம் சொந்தபந்தங்கள் வீட்டுக்கு நேராக மூட்டை இறங்கினாலே முதல் வருஷ விளைச்சல் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். நம்மில் நிறையப் பேர் பாஸ்போர்ட் மாற்றிவிட்டோம். இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சேரும். வாங்குகிற அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே சேலத்தில் ஒரு டிரஸ்ட் வாங்கி ஊர்க் குழுக்களுக்குப் பிரித்துத் தருவது என்ற அண்ணனின் யோசனை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் பணத்துக்குச் சரிப்படாது. இந்த வருஷம் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும் பணம் போடட்டும், மற்றவர்கள் சாமை வாங்கட்டும், இரண்டும் உதவிதான்.

மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள், தனியாக போன் போட்டு என்னிடம் புலம்ப வேண்டாம். சேலத்தில் அம்மா அப்பா, மாமனார் வீடு யாருக்கெல்லாம் இருக்கிறதோ, மாதம் எத்தனை கிலோ சாமையரிசி எடுப்பார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு வந்தால்தான் எத்தனை மூட்டைக்குச் சுழல்நிதி வேண்டும் என்று பொருளாளரிடம் பேச முடியும்.