பறப்பதும் அதிகாரிப் பணியும்: ஸ்குவாட்ரன் விமானி நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி
இராணுவ விமானி முதலில் ஓர் அதிகாரி. பறப்பதோடு ஒரு தரைப்பொறுப்பு, கீழே இருப்பவர்களின் மதிப்பீட்டு அறிக்கைகள், பதவி உயர்வுக்கான படிப்பு எல்லாம் அவர் தலையில்தான் விழுகின்றன. ஆரம்ப வருடங்களில் எதற்கு முதலிடம் தர வேண்டும்? நன்றாகப் பறந்தால் மட்டும் போதாதா?

பதில் 1
முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். போர் விமானத்தில் ஒன்றரை மணி நேர சார்ட்டி (ஒருமுறை பறந்து திரும்புவது) என்றால் முந்தின நாள் திட்டமிடல், புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பிரீஃபிங் (பறப்பைப் பற்றிய முன்விளக்கம்), இறங்கிய பிறகு பறந்த நேரத்தையும் தாண்டி நீளும் டிபிரீஃபிங் (நடந்ததை அலசும் கூட்டம்). அந்த நாள் அதோடு சரி. நடுவில் அறிக்கையையும் முடித்துவிடலாம் என்று நினைத்தால் டிபிரீஃபிங்தான் அடிவாங்கும். தவறு எங்கே நடந்தது என்று பிரித்துப் பார்ப்பது அங்கேதான், அதை ஒருபோதும் சுருக்காதீர்கள். ஷெட்யூல் வந்த அன்றே பறக்காத நாளைக் குறித்து, எழுத்து வேலையை அதில் அடைத்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது பணிநேர வரம்பில். அமெரிக்க விமானப்படை விதிப்படி பறப்புப் பணிக்கு முன் 12 மணி நேர ஓய்வு வேண்டும், அதில் 8 மணி நேரம் தடையின்றித் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். பறப்புப் பணிநேரம் காக்பிட்டில் ஏறும்போது தொடங்குவதில்லை. விமானி அன்று முதலில் எந்த அலுவலுக்கு ஆஜராகிறாரோ அப்போதே தொடங்கிவிடும். ஒற்றை விமானி ஓட்டும் விமானத்துக்கு உச்சவரம்பு 12 மணி நேரம். இரவு 8 மணிக்குப் புறப்பாட்டை வைத்துக்கொண்டு காலை 8 மணிக் கூட்டத்தில் உட்கார்ந்தால், விமானம் தரையை விட்டு எழும்பும்போதே வரம்பு தீர்ந்துவிடும். ஆகவே இரவுப் பறத்தல் உள்ள நாளில் காலைக் கூட்டத்துக்கு வர முடியாது என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். இதைத் தயங்காமல் சொல்லலாம், விதியே அவர் பக்கம்தான் நிற்கிறது.

பதில் 2
மேலே சொன்னது அன்றாடத்துக்குச் சரி. பதவி உயர்வுக் கணக்கு வேறு.

தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் விமானி பறப்பதைப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். அறிக்கையில் உள்ள வரிகளைத்தான் படிப்பார்கள். "சிறந்த விமானி" என்ற வரியால் பயனில்லை. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார், எத்தனை பேர் தகுதி பெற்றார்கள் என்று எண்ணோடு இருக்க வேண்டும். அந்த எண்களை அவ்வப்போது குறித்து வையுங்கள், வருடக் கடைசியில் தேடினால் கிடைக்காது.

தரைப்பொறுப்பைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஷெட்யூலிங், பயிற்சி, விமானப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஒன்றைக் கேளுங்கள். பறக்கும் இடத்தை விட்டு நகராமலே நிர்வாகம் பழகலாம். ஆனால் ஃபிளைட் லீடர் (சேர்ந்து பறக்கும் விமானங்களை வழிநடத்துபவர்), பயிற்றுநர் தகுதிகள் கைக்கு வருமுன் தலைமையக மேசைக்குப் போவது ஆபத்து. திரும்பி வரும்போது அவரைவிட இளையவர்கள் முன்னால் போயிருப்பார்கள்.

பதில் 3
மேசைப்பணி முடிந்து திரும்புபவர்களுக்கு ஒன்று. கைப்பழக்கம் சீக்கிரம் மீண்டுவிடும். மங்குவது அவசரகால நடைமுறைகளும் கருவிகளை வரிசையாகப் பார்க்கும் பழக்கமும்தான். சிமுலேட்டரில் முதலில் அவற்றைக் கேளுங்கள், பிறகு பயிற்றுநரோடு பறக்கலாம்.

பறப்பதே போதும் என்பவர்களுக்கும் சில படைகளில் வழி உண்டு. அமெரிக்கத் தரைப்படை ஹெலிகாப்டர்களில் பெரும்பகுதியை வாரண்ட் அதிகாரிகளே (குறிப்பிட்ட தொழில்திறனுக்காக நியமிக்கப்படும் அதிகாரிகள்) ஓட்டுகிறார்கள். கட்டளைப் பதவி ஏணி அவர்களுக்கு இல்லை, பறத்தலே தொழில். அந்தப் பாதை இருந்தால் சேருமுன்பே விசாரித்துவிடுங்கள், பாதியில் மாறுவது கடினம்.