புதுப்பிப்பு: 1997–98 எஃப்-150 சூப்பர்கேபில் நான்காவது கதவு

முந்தைய பதிவு, பயணி பக்கம் மட்டும் பின்கதவு உள்ள, நீட்டிய கேபின் கொண்ட இந்த ஃபோர்டு பிக்கப் வண்டியில் ஓட்டுநர் பக்கமும் ஒன்று வைப்பது பற்றியது. கதவும் கீலும் மட்டும் வாங்கினால் போதுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். போதாது. 1999 மாடலில் வந்த நான்கு கதவு கேபினிலிருந்து கூரை ஓரச் சட்டம், கீழ்ப்படி, பின்தூண் மூன்றும் ஒரே துண்டாக வேண்டும். பின்கதவின் மேல், கீழ் பூட்டுகள் பிடிப்பது அவற்றைத்தான்; முன்கதவுக்குப் பின்னால் உள்ள நடுத்தூணை வெட்டியெடுத்தபின் பக்கவாட்டு வலுவும் அங்கேதான்.

வெட்டுமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். கேபின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டபடியே இருக்கட்டும். உள்ளே 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்காக வெல்டிங் செய்து, கதவுத் திறப்பின் மூலைவிட்ட அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் கூரை இறங்கும், முன்கதவும் மூடாது. ஸ்பாட் வெல்டை (தகடுகளைச் சேர்க்கும் புள்ளி வெல்டிங்கை) 8 மி.மீ. கட்டரால் எடுக்கலாம். ஒட்டுமிடங்களில் உள்ளே தகடு கொடுத்து, 20 மி.மீ. துண்டு துண்டாக, ஆறவிட்டு மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டப்படும் வாயு வெல்டிங்) செய்யுங்கள்.

முதலில் பின்கதவைப் பொருத்துங்கள், பிறகே முன்கதவை அதற்கு ஒத்துப்போக வையுங்கள். தலைகீழாகச் செய்தால் இடைவெளி ஒருநாளும் சேராது.

வெட்டப்போகும் நடுத்தூணில் சீட் பெல்ட் இருந்தால் அதற்கான மாற்றுப் பிடிப்பு உறுதியாகாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள். தண்ணீர் பெரும்பாலும் மேல் பூட்டருகே கசியும். ரப்பர் பட்டை புதிதாகவே இருக்கட்டும்.