ஆபீஸ் போகும் மியாட்டாவையே ஸ்பெக் மியாட்டா ரேஸ் காராக மாற்றலாமா?

வெள்ளைமியாட்டா:
வணக்கம். கலிபோர்னியா ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். என்னிடம் 1999 மாஸ்டா மியாட்டா இருக்கிறது. 1.8 லிட்டர், துரு கிடையாது, எல்லாம் கம்பெனியில் வந்தபடியே. தினமும் ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். தண்டர்ஹில் ரேஸ் டிராக்கில், சொந்த வண்டியை ஓட்ட விடும் டிராக் டே நாட்களில் ஓட்டி ஓட்டி ஆசை முற்றிவிட்டது. அடுத்து ஸ்பெக் மியாட்டாவில், அதாவது எல்லாரும் ஒரே மாதிரி மியாட்டா ஓட்டும் ரேஸ் கிளாஸில், இறங்க வேண்டும். ஆபீசுக்கும் ரேஸுக்கும் இதே வண்டியை வைத்துக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? என் உயரம் ஆறடி ஒரு அங்குலம், அது வேறு கவலை.

மூன்றாம்கியர்:
தம்பி, இரண்டுக்கும் ஒரே வண்டி வேண்டவே வேண்டாம். காரணம் ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டால் நசுங்காமல் இருக்க உள்ளே போடும் இரும்புக் குழாய்க் கூடு. மியாட்டா சின்ன வண்டி, கேஜ் குழாய் தலைக்குப் பக்கத்திலேயே வரும். ரேஸில் ஹெல்மெட், ஆறு முனை பெல்ட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி என்று எல்லாம் இருக்கும்போது அந்தக் கூடு உயிரைக் காக்கும். ஆபீஸ் போகும் வழியில் யாராவது பின்னால் இடித்தால், ஹெல்மெட் இல்லாத தலை அதே குழாயில் போய் மோதும். மேலே பேடிங் சுற்றியிருந்தாலும் என் வீட்டு ஆட்களை அதில் உட்கார விடமாட்டேன்.

இன்னொன்று, கேஜை வெல்டு செய்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. சீட், கார்ப்பெட், ஏர்பேக் எல்லாம் போய்விடும். துருவில்லாத 99 இப்போது சுலபத்தில் கிடைக்காது, அதை அறுக்காதீர்கள். ஏற்கெனவே ரேஸுக்குக் கட்டிய வண்டியை லாக்புக்கோடு (ரேஸ் பரிசோதனைகளைக் குறிக்கும் பதிவேடு) வாங்குங்கள். கேஜ், சீட், தீயணைப்பு எல்லாம் புதிதாகப் போடும் செலவைக் கூட்டிப் பார்த்தால் அதுதான் மலிவு.

இந்த கிளாஸ் எனக்குப் பிடித்ததே அதன் கண்டிப்புக்காகத்தான். விதியில் அனுமதி என்று எழுதாத எதையும் தொடக்கூடாது. ஸ்பிரிங், ஷாக், ஆன்டி ரோல் பார் எல்லாருக்கும் ஒரே செட். வீல் 15க்கு 7 அங்குலம், அதன் எடைக்கும் கீழ் வரம்பு உண்டு. இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மாற்ற முடியாது, டர்போ பேச்சே இல்லை. 90-இல் வந்த 1.6 லிட்டர் வண்டியும் 2005-இல் வந்த வண்டியும் ஒன்றாக ஓடுவதால், வருடத்துக்கு ஏற்றபடி குறைந்தபட்ச எடை வைத்திருக்கிறார்கள். சில வருட வண்டிகளுக்குக் காற்று போகும் வழியைக் குறுக்க ஒரு தகடும் உண்டு. டிரைவரோடு சேர்த்துத்தான் எடை பார்ப்பார்கள். பக்கத்து வண்டி உங்களைத் தாண்டுகிறது என்றால் பெரும்பாலும் அந்த ஆள் உங்களைவிட நன்றாக ஓட்டுகிறார். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எண்ணெய்க்கை:
மூன்றாம்கியர் சொல்வதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். ஆனால் சொந்தமாகக் கட்டினால்தான் வண்டி புரியும். கட்ட ஆசை இருந்தால், பெயின்ட் போன, துணிக் கூரை கிழிந்த வேறொரு மியாட்டாவை வாங்கிக் கட்டுங்கள்.

கட்டிய வண்டியை வாங்கினாலும் சரி, நீங்களே கட்டினாலும் சரி, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் ஹப் (சக்கரம் மாட்டும் பேரிங் பகுதி) மாற்ற வேண்டும். ரேஸ் டயர் பிடிப்பில் மியாட்டாவின் முன் ஹப் சீக்கிரம் தேயும். ஓடும்போது போனால் சக்கரமே கழன்றுவிடக்கூடும். கேஜ் தரையில் சேரும் இடத்து வெல்டை டார்ச் அடித்துப் பாருங்கள். 1990-93 வண்டியென்றால் பின் சக்கரங்களுக்கு இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சின்னது, பலவீனமானது. முந்தைய ஓனர் 94-க்குப் பிந்தைய பெரியதைப் போட்டிருந்தால் நல்லது.

உங்கள் 99-க்கு இப்போதைக்கு நல்ல பிரேக் பேடும் புது பிரேக் ஆயிலும் போதும். முழு ரேஸ் பேட் போடாதீர்கள். சூடேறாமல் அது பிடிக்காது, காலையில் முதல் சிக்னலிலேயே பயமுறுத்தும்.

வெள்ளைமியாட்டா:
நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். என் வண்டியை அறுக்கப்போவதில்லை. லைசென்ஸ் எப்படி? ஆறடிக்கு மேல் இருப்பவன் உள்ளே அடங்குவேனா?

மூன்றாம்கியர்:
நாசா (விண்வெளி நாசா இல்லை, ரேஸ் நடத்தும் அமெரிக்க அமைப்பு) பக்கம் போனால் பயிற்சி நான்கு படி. மேல் படிக்கு வந்தபின் ரேஸ் லைசென்ஸுக்கு முயற்சி செய்யலாம். டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள்.

உயரத்துக்கு: வண்டி பார்க்கப் போகும்போது ஹெல்மெட்டைக் கொண்டுபோய், போட்டுக்கொண்டு, பெல்ட்டை முழுக்க இறுக்கி உட்காருங்கள். தலைக்குப் பின்னால் இருக்கும் கேஜின் பெரிய வளைவின் உச்சி ஹெல்மெட்டைவிட இரண்டு அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைத் தரையோடு ஒட்டி இறக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.