தீராத கொத்துத் தலைவலிக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். முப்பத்தெட்டு வயதான என் தம்பிக்கு ஆறு ஆண்டுகளாகக் கிளஸ்டர் தலைவலி எனப்படும் கொத்துத் தலைவலி இருக்கிறது. தொடக்கத்தில் ஓரிரு மாதங்கள் வாட்டிவிட்டுப் பல மாதங்களுக்கு விலகியிருக்கும். கடந்த நான்கு ஆண்டுகளாக இடைவெளி என்பதே இல்லை. வலி எப்போதும் இடக்கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்கும். கண் சிவந்து நீர் வடியும், அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும், இமை தாழ்ந்துவிடும். அந்த ஒரு மணி நேரமும் அவனால் படுக்க முடியாது, உட்கார முடியாது. தலையைப் பிடித்தபடி அறைக்குள் நடந்துகொண்டே இருப்பான். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, அதிலும் பெரும்பாலும் உறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் வருவதால், உறக்கத்தையே அஞ்சுகிறான்.

வலி வராமல் தடுக்கும் வெராபமில் மாத்திரையை உயர்ந்த அளவில் கொடுத்தபோது ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்ததால் குறைக்க நேர்ந்தது. லித்தியத்தால் பயனில்லை. ஸ்டீராய்டு எடுக்கும் வரை வலி ஒதுங்கியிருக்கும், நிறுத்தியதும் திரும்பிவிடும். சுமாட்ரிப்டான் ஊசியும் ஆக்சிஜனும் வந்த வலியைத் தணிக்கின்றனவே தவிர, அடுத்தது வருவதைத் தடுப்பதில்லை.

இப்போது மருத்துவர் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார். ஒன்று பிடரி நரம்பின் மேல் மின்முனை, அதாவது மின்தூண்டல் தரும் மெல்லிய கம்பியின் முனை, பொருத்துவது. மற்றது மூளைக்குள்ளேயே மின்முனையைச் செலுத்துவது. “மண்டையைத் திறந்தாலும் பரவாயில்லை, உடனே செய்யச் சொல்” என்கிறான் தம்பி. அவன் படும் பாட்டைப் பார்த்திருப்பதால் மறுக்க மனம் வரவில்லை. ஒப்புக்கொள்ளத் துணிவும் வரவில்லை. இவற்றால் உண்மையில் எந்த அளவுக்குப் பயன் கிடைக்கும், எதை முதலில் செய்வது முறை என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (நரம்பியல் மருத்துவர்)

சகோதரி, உங்கள் தம்பியை நேரில் பார்க்காத நான் முடிவு சொல்வது முறையன்று. ஆனால் முடிவெடுக்கும் முன் எவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் நோய் இன்னதுதான் என்பது உறுதியாக வேண்டும். கொத்துத் தலைவலியைப் போலவே கண்ணீரும் மூக்கடைப்புமாக வரும் வேறொரு தலைவலி உண்டு. அது இரண்டு முதல் முப்பது நிமிடங்களே நீடிக்கும், இண்டோமெத்தசின் என்ற மாத்திரைக்கு முற்றிலும் அடங்கிவிடும். உங்கள் தம்பிக்கு ஒரு மணி நேரம் நீடிப்பதால் அதற்கான வாய்ப்பு குறைவுதான். ஆயினும் அறுவை மேசைக்குப் போகும் முன் அந்த மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் பார்த்தார்களா, பிட்யூட்டரிச் சுரப்பிப் பகுதியையும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று கேளுங்கள். பிடரி நரம்பருகே ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அது எளிய முறை, பலருக்குச் சில வாரங்களேனும் ஓய்வு தருகிறது. ஆக்சிஜனையும் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வேகத்தில், முகத்தோடு ஒட்டிய முகமூடி வழியே, பதினைந்து நிமிடம் இழுக்க வேண்டும். மெதுவான வேகத்தில் கொடுத்துவிட்டு ‘ஆக்சிஜன் உதவவில்லை’ என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி கருவிகளுக்கு வருகிறேன். மூளையை ஏன் தூண்டுகிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் ஆய்வு 1998-இல் இலண்டனில் நடந்தது; அதில், கொத்துத் தலைவலி தாக்கும் வேளையில் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் செயல்முனைப்புக் கொள்வது தெரியவந்தது. உறக்கம், நாட்சுழற்சி ஆகியவற்றை நடத்தும் இடம் அதுவே என்பதால், கடிகாரம் வைத்தாற்போல் நள்ளிரவில் வரும் இந்த வலியோடு அது பொருந்தியும் போனது. அதன் அடிப்படையில் மிலான் நகரின் பெஸ்தா நரம்பியல் நிறுவனத்தில் லியோனே, பிரான்சினி, புசோனே ஆகியோர் ஹைப்போதலாமஸின் பின்பகுதியைக் குறிவைத்து மின்முனை பொருத்தி, 2001-இல் முதல் நோயாளியின் விவரத்தை வெளியிட்டனர். அந்த மின்முனை தொடுவது உண்மையில் ஹைப்போதலாமஸ் அன்று, அதற்குச் சற்றுப் பின்னால் நடுமூளையிலுள்ள பகுதி என்று இலண்டன் குழுவினர் பின்னர் காட்டினர். அவர்கள் 2016-இல் வெளியிட்ட 21 பேரின் விவரப்படி தலைவலியின் எண்ணிக்கை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆனால் அது ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு. பிரெஞ்சு மருத்துவர்கள் 11 பேருக்குக் கருவியைப் பொருத்தி, எந்த மாதம் இயங்குகிறது, எந்த மாதம் அணைந்திருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாதவாறு சோதித்தபோது, அந்த இரு மாதங்களுக்கிடையே வேறுபாடே தெரியவில்லை. பின்னர் எல்லோருக்கும் கருவியைத் தொடர்ந்து இயக்கிய பத்து மாதங்களில் ஆறு பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. ஒரு மாதம் என்பது பலன் தெரியப் போதாத காலம் என்பதே என் கருத்து. ஆயினும் ஐயம் முற்றிலும் நீங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆபத்தையும் மறைக்கக் கூடாது. மூளைக்குள் மின்முனையைச் செலுத்தும் எந்த அறுவையிலும் நூற்றில் ஓரிருவருக்கு இரத்தக்கசிவு நேரலாம். பெல்ஜியத்தில் இதே நோய்க்காக அறுவை செய்துகொண்ட ஒருவர் மூளைக்குள் இரத்தம் கசிந்து இறந்தது 2005-இல் பதிவாகியுள்ளது.

பிடரி நரம்புத் தூண்டலில் மண்டையோட்டைத் துளைக்கும் வேலையே இல்லை. தோலுக்கடியில் மின்கம்பியை ஓட்டி, மார்பிலோ வயிற்றிலோ பேட்டரியை வைக்கிறார்கள். முகத்தின் வலியைச் சுமந்துவரும் நரம்பும் பிடரியிலிருந்து வரும் நரம்பும் மேற்கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் கூடுவதால், ஒன்றைத் தொட்டு மற்றதை அமைதிப்படுத்த முடியும் என்பது இதன் அடிப்படை. இதில் மிகப் பெரிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நெதர்லாந்து தலைமையில் நான்கு நாடுகளில், மருந்துக்கு அடங்காத 131 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. வாரத்துக்கு ஏறக்குறைய 16 ஆக இருந்த தாக்குதல்கள் ஆறு மாதத்துக்குள் ஏழரை அளவுக்கு இறங்கின. முழு அளவு மின்சாரம் பெற்றவர்களும் 30 விழுக்காடு மட்டுமே பெற்றவர்களும் ஒரே அளவில் நலமடைந்தது இன்றும் விவாதத்துக்குரியது. எப்படியாயினும், மூளைக்குள் செல்வது மற்ற எல்லாவற்றுக்கும் பிறகுதான் என்பதில் தலைவலி மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பிடரியை முதலில் முயன்று பாருங்கள்.

மறுமொழி 2 (பிடரிக் கருவியோடு வாழ்பவர்)

எனக்குப் பிடரிக் கருவி பொருத்தி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நாளுக்கு ஐந்தாக இருந்தது இப்போது வாரத்துக்கு நான்கைந்து. முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் நான் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்குகிறேன் என்பதை, இந்த நோய் உள்ள வீட்டார் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சொல்ல வேண்டிய தொல்லைகளும் உண்டு. முதலாண்டிலேயே மின்கம்பி இடம் நகர்ந்து, இரண்டாம் முறை அறுவை செய்தார்கள். பிடரியில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருந்துகொண்டே இருக்கும். திடீரென்று அது மறைந்தால் கம்பியையோ பேட்டரியையோ பார்க்க வேண்டும் என்று பொருள். பிடரிக் கருவிகள் மின்சாரத்தை நிறைய விழுங்குவதால், மின்னேற்றம் செய்யக்கூடிய பேட்டரியையே கேட்டு வாங்கினேன்; வாரத்தில் சில மணி நேரம் அதற்கென்று உட்கார வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமானால் கருவியின் அட்டையைக் காட்டி முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். உடற்பயிற்சிச் சிகிச்சையில் ஆழ்வெப்பம் கொடுக்கும் டயாதெர்மியை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். உடலில் மின்முனை இருப்பவருக்கு அது திசுவையே கருக்கிவிடும். இதைத் தம்பியிடம் மட்டுமல்லாமல், வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

மறுமொழி 3

நான் வேறொரு வகைக் கருவியைப் பொருத்திக்கொண்டவன். கன்னத்துக்குள், மேல்தாடையின் பின்புறமுள்ள நரம்பு முடிச்சைத் தூண்டும் சிறு கருவி அது. ஈறு வழியாக வைத்தார்கள். வலி வரும்போது கைக்கருவியைக் கன்னத்தின் மேல் பிடித்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். எனக்கு அது மறுபிறவியாகவே இருந்தது. பிறகு அதைத் தயாரித்த நிறுவனம் 2019-இல் மூடப்பட்டது. கருவி இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. ஆனால் அளவுகளைத் திருத்தும் மென்பொருளும் இல்லை, பழுதான கைக்கருவியை மாற்றித் தருவாரும் இல்லை. மருத்துவம் தோற்கவில்லை, அதைத் தாங்கிநின்ற ஏற்பாடு தோற்றது. ஆகவே அம்மா, பத்தாண்டு கழித்து இதன் அளவுகளை யார் திருத்துவார்கள், பேட்டரியை யார் மாற்றுவார்கள், இதே கருவி வேறு நோய்களுக்கும் பரவலாகப் பயன்படுகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. இண்டோமெத்தசின் கொடுத்ததாக நினைவில்லை. பிடரி ஊசியும் போடவில்லை. அடுத்த வாரம் இரண்டையும் கேட்கிறேன். இன்னொரு ஐயம்: மூளைக்குள் வைக்கும் கருவியானால், வலி வரும்போது அதை இயக்கி அப்போதே நிறுத்திக்கொள்ளலாம் என்று தம்பி நம்பிக்கொண்டிருக்கிறான். அது சரியா?

மறுமொழி 1 (நரம்பியல் மருத்துவர்)

சரியன்று சகோதரி, இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வலியின் நடுவில் இயக்கிப் பார்த்ததை மிலான் குழுவினரே ஆராய்ந்தார்கள். பெரும்பாலான தாக்குதல்கள் அதற்கு அடங்கவில்லை. இரவும் பகலும் தொடர்ந்து இயங்கினால்தான், வாரங்களோ மாதங்களோ கழித்து வலி வருவது குறையத் தொடங்கும். மின்அழுத்தத்தையும் சிறிது சிறிதாகவே கூட்ட முடியும். வேகமாகக் கூட்டினால் பார்வை இரட்டையாகத் தெரியும், தலை சுற்றும். பிடரிக் கருவிக்கும் இதே பொறுமை தேவை. ‘பொருத்தியும் வலிக்கிறதே’ என்று முதல் வாரத்திலேயே மனமுடைந்து போகிறவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அறுவை முடிந்து வீடு திரும்பும் அன்றிரவும் ஆக்சிஜன் உருளையும் ஊசியும் அவர் கட்டிலருகே இருக்கட்டும். தாக்குதல் வந்த நேரத்தை அன்றிலிருந்தே நீங்கள் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.