மருந்தே போடாத டம்ளர்லயும் கொசுப்புழு சாகுதுங்க, எங்க தப்பு?

கோவை எம்.எஸ்சி.
வணக்கங்க. ஏடிஸ் கொசுப்புழு மேல டெமிபாஸ்ங்கற புழுக்கொல்லி மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கற சோதனையை எங்க லேபுல நிலைப்படுத்தணும். மூணு நாள் செஞ்சாலும் ஒரே மாதிரி வரணும்னு சார் சொல்லிட்டாரு. டம்ளருக்கு 100 மி.லி. தண்ணி, 25 புழு, 24 மணி நேரம். கன்ட்ரோல்ல, அதாவது மருந்து போடாத டம்ளர்ல, 100 புழுவுக்கு முதல் நாள் 4 செத்துச்சு, மறுநாள் 13, நேத்து 31. கன்ட்ரோல் சாவைக் கழிச்சுப் பார்க்கற அப்பாட் சூத்திரம் போட்டுச் சரிக்கட்டலாமுங்களா?

பொள்ளாச்சி பூச்சிக்காரன்
31-ஐ அப்பாட் காப்பாத்தாதுங்க. கன்ட்ரோல் சாவு 5-ல இருந்து 20 சதம் வரைக்கும்தான் அது. அதைத் தாண்டினா உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்படி அன்னைக்குச் செஞ்சதையே தள்ளிரணும். 13-க்குப் போடலாம்: மருந்துல 96 செத்திருந்தா (96-13)/(100-13), அதாவது 95.4 சதம். ஆனா நாளுக்கு நாள் ஏறுதே, அதுதான் இடிக்குது. தண்ணி எது? மருந்தைக் கரைக்கற அசிட்டோனை கன்ட்ரோலுக்கும் ஊத்துனீங்களா?

கோவை எம்.எஸ்சி.
சிறுவாணித் தண்ணிதானுங்க, குளோரின் போகட்டும்னு ரெண்டு நாள் திறந்து வெச்சு எடுத்தேன். அசிட்டோன் ரெண்டுக்கும் ஒரே அளவு. பிளாஸ்டிக் டம்ளர், மூணு நாளும் அதேதான். சோப்புப் போட்டுக் கழுவி எல்லாத்தையும் ஒட்டுக்கா கவுத்து வெச்சிருவேன்.

கோபி அக்கா
மாட்டுச்சு பாருங்க. டெமிபாஸ் தண்ணில லேசுல கரையாது, பிளாஸ்டிக்குல போய் ஒட்டிக்கும். சோப்புக்கெல்லாம் அசையாது. கவுத்து வெச்சப்ப நேத்து மருந்து டம்ளரா இருந்தது இன்னைக்குக் கன்ட்ரோலா மாறியிருக்கும். அண்ணன் சொன்ன 13-க்கும் அப்பாட் போடாதீங்க. மருந்து டம்ளர்லயும் பழைய மிச்சம் சேர்ந்திருக்குமே, நீங்க எழுதின டோஸ் அது இல்லையே! புது டம்ளர் ரெண்டு, பழசு ரெண்டு எடுத்து, மருந்தில்லாம வெறும் தண்ணில புழு விட்டுப் பாருங்க. எண்ணும்போது தண்ணியை லேசா அசைங்க. சட்டுனு கீழ முங்காம சும்மா நெளியறதும் செத்த கணக்குதான்.

கோவை எம்.எஸ்சி.
பார்த்துட்டேன் அக்கா. புதுசுல 50-க்கு 1, பழசுல 50-க்கு 17! முங்காததை நான் இத்தனை நாளா உயிர்னு எண்ணிட்டு இருந்தேன், அது வேற. அப்ப முதல் நாள் கணக்காவது தேறுமுங்களா?

கோபி அக்கா
அந்த டம்ளர் அன்னைக்குப் புதுசுன்னாலும், எண்ணினதே தப்பாச்சே. மூணையும் அக்கட்டால வெச்சுருங்க. கண்ணாடி பீக்கர் வாங்கி, கன்ட்ரோலுக்குன்னு தனியாப் பேர் எழுதி ஒட்டுங்க, பிப்பெட்டும் தனி. ஆங், 24 மணி நேரத்துல கன்ட்ரோல் புழுவுல 10 சதத்துக்கு மேல கூட்டுப்புழு ஆயிருச்சுன்னாலும் அந்த நாள் செல்லாது. வயசு பார்த்து எடுங்க.

பொள்ளாச்சி பூச்சிக்காரன்
ஒத்துக்கறேனுங்க, நான் டம்ளரைக் கேக்கவே இல்ல.